இல்லை என்று வந்த ரிப்போர்ட்

புதிய கிட் வந்து இறங்கிய அன்று அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் எல்லோர் கையிலும் ஊசி ஏறியது. சீலியாக் நோயைக் கண்டுபிடிக்கும் கிட் அது. கோதுமையில் இருக்கும் ஒரு புரதம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அது குடலுக்குள் போனதும் உடம்பு தன் குடலையே எதிரியென்று நினைத்துத் தாக்கும். அந்தத் தாக்குதலுக்காக உடம்பு தயாரிக்கும் ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் பரிசோதனை. பழைய கம்பெனி கிட்டை நிறுத்திவிட்டதால் புதிய கம்பெனியிடம் வாங்கியிருந்தார்கள். நோயாளிகளின் ரத்தத்தை ஓட்டுவதற்கு முன், நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களின் ரத்தத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். 'இல்லை' என்று வரவேண்டியது இல்லையென்றே வருகிறதா என்று தெரிந்தாக வேண்டுமே. ஆரோக்கியமானவர்களுக்கு வெளியே எங்கே போவது? வரவேற்பறைப் பெண், கணினி பார்ப்பவர், தரை துடைக்கும் அம்மா, டெக்னீஷியன்கள் என்று எட்டுப் பேர் சட்டைக் கையை மடித்தார்கள்.

"அக்கா, உங்க நரம்பைத் தேடுறதுக்கு டார்ச் லைட் வேணும்" என்றாள் ஊசிக்காரி. ரத்தம் எடுக்கும் பெண்ணுக்கு அங்கே அதுதான் பெயர். அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

"இருக்கிறதே ஒரு டம்ளர் ரத்தம். அதையும் எடுத்துக்கோ."

சொன்னவள் அந்தக் கிட்டை ஓட்டப்போகிற டெக்னீஷியன். முப்பத்தெட்டு வயது. பதினான்கு வருடமாக அதே கூடம், அதே ஸ்டூல். அவளுடைய ரத்தம் ஏழாம் எண் குழாயில் போனது.

பிளாஸ்டிக் தட்டில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொன்றிலும் ஒருவருடைய ரத்தநீர். இரண்டு மணி நேரம் கழுவி, ஊற்றி, காத்திருந்து, கடைசி மருந்தை விட்டால் ஆன்டிபாடி இருக்கும் குழி நீலமாகும். அதன்மேல் அமிலத்தை விட்டால் மஞ்சளாகிவிடும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு நோய். இல்லாதவர்களின் குழி தண்ணீர் போலவே இருக்கும்.

ஏழாவது குழி பழுத்த மஞ்சளாக இருந்தது. இயந்திரத்தில் வைப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் வைத்தாள். இருபதுக்குக் கீழே இருக்க வேண்டும். இருநூறுக்கு மேல் என்று வந்தது. அதற்கு மேல் அந்த இயந்திரத்துக்கு எண்ணத் தெரியாது.

கூடத்தின் பொறுப்பாளரை எல்லோரும் சீஃப் என்பார்கள். மூக்குக்கண்ணாடியை எப்போதும் நெற்றியில் ஏற்றிவிட்டு, அதைத் தேடிக்கொண்டே இருக்கும் மனிதர். தாளைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"குழாய் மாறிப்போச்சும்மா. இல்லன்னா இந்தப் புதுக் கிட்டு சரியில்ல. திருப்பி ஓட்டு."

திருப்பி ஓட்டினாள். மறுபடி அதே மஞ்சள். பழைய கிட்டில் கொஞ்சம் மீதி இருந்தது, அதிலும் ஓட்டினாள். அதிலும் அதே. மூன்று தாள்களையும் சீஃபின் மேசையில் வைத்தபோது அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி அவளை ஏறிட்டுப் பார்த்தார். பதினான்கு வருடத்தில் முதல்முறையாகப் பார்ப்பவர்போல இருந்தது.

"உனக்கு உடம்பு எப்படி இருக்கு?"

"களைப்பா இருக்கும் சார்."

"எத்தனை நாளா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நாள் கணக்கா அது? மகள் பிறந்ததிலிருந்து. காலையில் எழும்போதே முதல் நாள் வேலையெல்லாம் உடம்பில் மிச்சம் இருப்பதுபோல் இருக்கும். மாடிப்படியில் பாதியில் நின்று, எதையோ மறந்துவிட்டவள்போலக் கைப்பையைத் துழாவுவாள், மூச்சு வாங்குவது யாருக்கும் தெரியக்கூடாது என்று. வாயில் புண் வந்து வந்து போகும். இரும்புச்சத்து டானிக் குடித்தே பல் கறுத்துவிட்டது. மகளுக்குப் பிறகு இரண்டு முறை வயிற்றில் தங்கி, மூன்றாம் மாதம் தாண்டாமல் போனது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. வேலை அதிகம், அலைச்சல், சரியாகச் சாப்பிடுவதில்லை. கடைசிக் காரணத்தைத்தான் கணவன் பிடித்துக்கொண்டான். அவன் பஸ் ஓட்டுநர். ஷிப்டு முடிந்து வரும் வழியில் நல்ல கோதுமை ரொட்டியாகப் பார்த்து வாங்கி வருவான். "இதைத் தின்னு, தெம்பு வரும்" என்று பக்கத்தில் உட்கார்ந்து தின்ன வைப்பான். அவளும் தின்றாள், தெம்புக்காக, பதினோரு வருடம்.

குடல் டாக்டர் வேகமாகப் பேசுகிற, மெதுவாகக் கேட்கிற பெண்மணி.

"பதினோரு வருஷமா அசதின்னு சொல்றீங்க. இதை யாருமே தேடலையா?"

"நானே தேடல டாக்டர். தினமும் அடுத்தவங்களுக்குத் தேடிக்கிட்டிருந்தேன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "தைராய்டு மாத்திரை எத்தனை வருஷமா?"

"ஆறு."

"அதுவும் உடம்பே உடம்பைத் தாக்குறதுதான். இந்த மாதிரி ஆன்டிபாடிங்க பாதிப் பேருக்குத் தனியா வராது, கூட்டாளியோடதான் வரும். பிள்ளைங்க?"

"ஒரு பொண்ணு. பதினோரு வயசு."

"எப்படி இருக்கா?"

"கொஞ்சம் குட்டை. அவங்க அப்பா வீட்ல எல்லாருமே குட்டைதான்."

"அவளையும் பார்த்துருங்க. உங்களுக்கு முதல்ல குடலுக்குள்ள கேமரா விட்டு ஒரு துணுக்கு எடுக்கணும். அதுவரைக்கும் ரொட்டியை நிறுத்தாதீங்க. நிறுத்தினா குடல் ஆற ஆரம்பிச்சிடும், ஒண்ணும் தெரியாமப் போயிடும்."

கேமராவுக்குத் தேதி கிடைக்க ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரமும் அவள் தெரிந்தே தின்றாள். ஒவ்வொரு துண்டு ரொட்டியையும் பார்த்துப் பார்த்துத் தின்பது, முறிந்த காலில் கட்டுப் போடாமல் நடப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. கடைசியில் டாக்டர் படத்தைக் காட்டினார். உள்ளே கம்பளம்போல் மெத்தென்று இருக்க வேண்டிய இடம், பல வருடம் மிதிபட்ட கால்மிதிபோல் வழவழவென்று தேய்ந்து கிடந்தது. தின்றது எதுவும் ஒட்டாமல் போனதில் ஆச்சரியமே இல்லை.

"இன்னையிலிருந்து கோதுமை கிடையாது" என்றார் டாக்டர். "ஒரு பிஸ்கட் துணுக்கு கூடக் கிடையாது. ஆயுசுக்கும்."

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். கையில் இருந்த ரொட்டிப் பொட்டலத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

"அப்ப நான் வாங்கிக் குடுத்ததெல்லாம்…"

"உங்களுக்குத் தெரியுமா என்ன? எனக்கே தெரியல."

"மருந்து?"

"இல்ல. தின்னாம இருக்கிறதுதான் மருந்து."

"இது நல்லாயிருக்கே" என்றான் அவன். நல்லாயிருப்பதாக அவன் முகம் சொல்லவில்லை.

மகளை வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவார்கள். பள்ளிக்கூட வரிசையில் முதலாவதாக நிற்பவள். பின்னால் நிற்க வேண்டும் என்பது அவளுடைய வாழ்நாள் ஆசை. வாய் மட்டும் வயதுக்கு மேல் வளர்ந்திருந்தது. ஊசிக்காரியின் நாற்காலியில் உட்கார்ந்து, "ஆன்ட்டி, எடுக்கிற ரத்தத்துக்குப் பதிலா உயரம் ஏதாவது குடுப்பீங்களா?" என்று கேட்டாள்.

"ஸ்டாக் இல்ல கண்ணு. நானே அஞ்சடிதான்."

மறுநாள் தட்டை ஓட்டியது அம்மாதான். சிட்டுவின் குழி தண்ணீர் மாதிரி இருந்தது. தட்டை இயந்திரத்தில் வைத்தாள். இருபதுக்குக் கீழே இருக்க வேண்டிய இடத்தில் 0.1 என்று வந்தது. ரிப்போர்ட்டில் எண்கூட வராது. 'இல்லை' என்ற ஒரே சொல். சீஃப் கையெழுத்துப் போட்டார். அன்று மாலை அந்தத் தாளைப் பிரித்த கணவன், படித்து முடித்ததும் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டான். பதினோரு வயதுப் பெண்ணை அப்படித் தூக்க முடிகிறதே என்று அப்போது அவனுக்குத் தோன்றவில்லை.

"என் பொண்ணுக்கு ஒண்ணுமில்ல! என் வீட்டு உடம்பு. வா, கேக் வாங்கித் தர்றேன்."

இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். தாளைக் காந்தத்தால் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டுப் போனான்.

அவள் அந்தத் தாளின் முன்னால் நின்றாள்.

0.1. அவளைத் தவிர யாரும் அந்த எண்ணைப் பார்த்திருக்கப்போவதில்லை. ஆரோக்கியமான மனிதர்களுக்குப் பூஜ்யம் வராது. வரவேற்பறைப் பெண்ணுக்கு நான்கு, தரை துடைக்கும் அம்மாவுக்கு ஆறு, சீஃபுக்கு மூன்றரை. ஒன்றுமில்லாதவர்களிடமும் ஏதாவது கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். மனிதருடைய ரத்தத்தையே ஊற்றாத வெறும் குழிக்குத்தான் அப்படி ஒரு எண் வரும்.

அது என்னவாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். எப்போதோ ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். ஆன்டிபாடியில் பல வகை. இந்தப் பரிசோதனை தேடுவது ஏ வகையை மட்டும். சிலருடைய உடம்பு பிறவியிலேயே ஏ வகையைத் தயாரிக்காது. அவர்களுக்கு நோய் இருந்தாலும் இந்தப் பரிசோதனை இல்லை என்றுதான் சொல்லும். அப்படிப்பட்டவர்களுக்கு வேறு வகை ஆன்டிபாடியைத் தேட வேண்டும். அதற்கு முன்னால், ஏ வகை இருக்கிறதா என்று ஒரு சாதாரணப் பரிசோதனை. அவர்கள் கூடத்திலேயே இருந்தது, டாக்டர் எழுதிக்கொடுத்தால் செய்வார்கள். யாரும் எழுதுவதில்லை.

நாளைக்குச் செய்யலாம் என்று நினைத்தாள்.

மறுநாள் ஏதோ வேலை. அதற்கு மறுநாள் இரண்டு டெக்னீஷியன்கள் லீவு. வீட்டில் அவளுக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, தனியாக வேகவைத்த சோறும் உருளைக்கிழங்கும். மற்ற இருவருக்கும் வழக்கம்போல ரொட்டியும் நூடுல்ஸும். ரொட்டித் தூள் படாமல் மேசையை மூன்று முறை துடைக்க வேண்டியிருந்தது. கணவன் விசில் அடித்துக்கொண்டே யூனிஃபார்ம் மாட்டினான். சமையலறைக்குள் நுழையும்போதெல்லாம் அந்தத் தாளை ஒரு பார்வை பார்த்துக்கொண்டான். அவளுக்கு அசதியாக இருந்தது. அந்த ஒரு தாளை அந்தக் கதவிலிருந்து எடுக்கக்கூடத் தெம்பில்லாத அசதி. ஒருவேளை குழியில் ரத்தநீர் சரியாக விழாமல் இருந்திருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தன் கை அப்படித் தவறாது என்று அவளுக்குத் தெரியும்.

பதினெட்டு நாள் போனது.

புதுப் பள்ளி வருடத்துக்கு ஷூ வாங்கப் போனார்கள். கடைக்காரர் சிட்டுவின் பாதத்தை அளவுப்பலகையில் வைத்துப் பார்த்தார். அவள் கழற்றிப் போட்டிருந்த பழைய ஷூவைக் குனிந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"எதுக்கும்மா புதுசு? இதே சைஸ்தான். அடிப்பாகம்கூடத் தேயல. போன வருஷமும் என்கிட்டதானே வாங்குனீங்க?"

"அதுக்கு முந்தின வருஷம்" என்றாள் சிட்டு. "அம்மா, காசு மிச்சம்!"

கடைக்காரர் சிரித்தார். சிட்டுவும் சிரித்தாள். அம்மா அந்தச் சின்ன ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக சீஃபின் அறைக்குப் போனாள். விஷயத்தைச் சொன்னாள். அவர் கண்ணாடியைத் தேடினார்.

"ரிப்போர்ட் குடுத்தாச்சேம்மா. நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"தெரியும் சார்."

"டாக்டர் கேட்காம நாமா ஒரு டெஸ்ட்டைப் பண்ணினா…"

"டாக்டர்கிட்ட போன்ல கேட்டுட்டேன். பண்ணச் சொல்லிட்டாங்க. உறைபெட்டியில மிச்ச ரத்தநீர் இருக்கு சார். ஒரு மாசம் வச்சிருப்போம்ல."

அவர் கையை மட்டும் அசைத்தார். போ என்றும் எடுத்துக்கொள்ளலாம், செய் என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவள் செய்தாள். சிட்டுவின் ரத்தத்தில் ஏ வகை ஆன்டிபாடி அளக்கும் அளவுக்குக்கூட இல்லை.

கணவனிடம் வீட்டில் சொல்ல அவளால் முடியவில்லை. அந்தத் தாள் ஒட்டிய கதவுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? மத்தியானம் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு பஸ் டெப்போவுக்குப் போனாள். அவன் இரண்டு நடைக்கு நடுவில் பஸ் படிக்கட்டில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"என்னாச்சு? ஏன் இங்க வந்த?"

சொன்னாள். அவன் டீயைக் குடிக்காமல் கேட்டான். பாதியிலேயே முகம் மாறிவிட்டது.

"இல்லைன்னு எழுதிக் குடுத்தாங்கல்ல? பெரியவர் கையெழுத்துப் போட்டாருல்ல? அப்புறம் என்ன தோண்டுற? உனக்கு வந்துச்சு, சரி. அதுக்காக அவ தலையிலயும் கட்டணுமா?"

"நான் கட்டலங்க."

"பின்ன? இல்லைங்கிறதுல என்ன உள்ளர்த்தம்? இல்லைன்னா இல்லதான்."

அவளுக்கு வாதாடத் தெம்பில்லை. அவனுக்குப் பின்னால் திறந்து கிடந்த பஸ்ஸைப் பார்த்தாள்.

"உங்க வண்டியில டீசல் முள்ளு பூஜ்யத்துல நிக்குதுன்னு வைங்க. டேங்க் காலின்னுதான் அர்த்தமா?"

"அப்படிச் சொல்ல முடியாது. டேங்குக்குப் போற ஒயர் அறுந்திருந்தாலும் முள்ளு கீழதான்…"

நிறுத்திவிட்டான். டீயைக் கீழே வைத்தான்.

"அவளுக்கு ஒயர் இல்லங்க" என்றாள் அவள். "பிறவியிலேயே இல்ல. அதனால முள்ளு சொன்னதுக்கு மதிப்பில்ல. டேங்கைத் திறந்துதான் பார்க்கணும்."

டெப்போவில் ஒரு பஸ் பின்பக்கமாக வந்தது. யாரோ "வரலாம், வரலாம்" என்று தட்டிக்கொண்டே கூவினார்கள். அவன் பிளாஸ்கை எடுத்து மூடியைத் திருகினான்.

"ஒயர் இருக்காதுன்னு உனக்கு எப்ப சந்தேகம் வந்துச்சு?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்லியிருக்கலாம்.

"அன்னைக்கே."

"என்னைக்கு?"

"நீங்க அவளைத் தூக்கிக்கிட்டு நின்னீங்கல்ல. அன்னைக்கு."

"அப்ப… இருபது நாளா?"

"பத்தொன்பது."

"பத்தொன்பது நாளா தெரிஞ்சுக்கிட்டு சும்மா இருந்தியா?" அவன் குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "நான் அவளுக்கு தினமும் கேக்கு, பிஸ்கட்டுன்னு… நீ பார்த்துக்கிட்டே…"

"முடியலங்க" என்றாள். "என்னால முடியல. அவ்வளவுதான். வேற ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

விசில் ஊதிவிட்டார்கள். அடுத்த நடைக்கு நேரம். அவன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினான். பிறகு மறுபடி திறந்தான். "ஏறு. வழியில இறக்கி விடுறேன். நடந்து போற மூஞ்சியா இது."

வேறு வகைப் பரிசோதனை அவர்கள் கூடத்தில் இல்லை. சிட்டுவின் ரத்தத்தை ஒரு பெரிய கூடத்துக்கு அனுப்பினார்கள். ஒன்பது நாள் கழித்து, இருக்கிறது என்று வந்தது. கேமராவும் அதையே சொன்னது. டாக்டர் சிட்டுவிடம் நேராகவே பேசினார், இனி என்ன தின்னக்கூடாது, ஏன் தின்னக்கூடாது, வளர இன்னும் நேரமிருக்கிறது என்று. சிட்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஒரு கேலியும் வரவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் கேட்டாள்.

"அம்மா, முதல்ல இல்லைன்னுதானே வந்துச்சு?"

"ஆமா."

"நீ ஏன் திரும்பப் பார்த்த?"

அம்மா குனிந்து அந்தச் செருப்பை ஓரமாக எடுத்து வைத்தாள். சிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கணவன் குளிர்பெட்டிக் கதவிலிருந்து தாளை எடுத்து, மடித்து, எங்கே வைப்பது என்று யோசித்து, குப்பையில் போட்டான். பிறகு அலமாரியைத் திறந்து ரொட்டி, பிஸ்கட், நூடுல்ஸ் எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளினான். "இனிமே மூணு பேருக்கும் ஒரே சமையல். உனக்கொரு பாத்திரம் எனக்கொரு பாத்திரம்னு கழுவிக்கிட்டிருக்க முடியாது" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். அவளிடம் அவன் முழுசாகப் பேச ஆரம்பிக்க இன்னும் சில வாரம் ஆனது.

அவளுக்கு இன்னொரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. என் மகளுடைய எண்ணை நான் பார்த்ததால் தெரிந்தது. மற்றவர்களுடைய எண்ணை யார் பார்த்தார்கள்? நானேதான் பார்த்தேன். பார்த்து, 'இல்லை' என்று எழுதினேன்.

சீஃப் முதலில் மறுத்தார். "பழசைக் கிளறினா எங்க போய் முடியும் தெரியுமா?" என்றார். அவள் போகாமல் நின்றாள். எதிர்த்துப் பேசி நிற்கவில்லை. திரும்பி நடக்கச் சோம்பலாக இருந்தது, அவ்வளவுதான். கடைசியில் அவரே பழைய பதிவுகளின் சாவியை எடுத்துக் கொடுத்தார். இரண்டு வருடத்துத் தாள்கள். மத்தியான உணவு வேளைகளில் ஊசிக்காரியும் கூட உட்கார்ந்தாள். அவள் எண்களைப் படிக்கப் படிக்க இவள் குறித்தாள். ஆறு நாளில் முடிந்தது. ஒன்றுக்குக் கீழே வந்தவர்கள் நான்கு பேர். மூன்று குழந்தைகள், ஒரு பெரியவர்.

கூப்பிட்டுச் சொல்வது சீஃபின் வேலை. அவர் பட்டியலைப் பார்த்தார், தொலைபேசியைப் பார்த்தார், "நீயே பேசும்மா, உனக்குத்தான் சொல்லத் தெரியும்" என்றார்.

முதல் குழந்தையின் அம்மா கேட்டதும் கத்தினாள். "ஒண்ணுமில்லன்னு சொன்னதை நம்பித்தானே நாங்க விட்டோம்! இப்ப வந்து கதை சொல்றீங்க?" இவள் குறுக்கே பேசவில்லை. திட்டி முடித்து, மூச்சு வாங்கி, அந்த அம்மாவே கேட்டாள். "சரி, எப்ப வரணும்? வெறும் வயித்துல வரணுமா?" இரண்டாவது குழந்தையின் அப்பா எதையும் கேட்காமல் குறித்துக்கொண்டார். மூன்றாவது குழந்தையின் வீட்டுத் தொலைபேசி ஒலிக்கவே இல்லை. பதிவில் இருந்த விலாசத்துக்குப் போய்க் கேட்டபோது, குடும்பம் வீடு மாறிவிட்டது என்று வீட்டுக்காரர் சொன்னார். எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை.

நான்காமவர் ஒரு தையல்காரர். பின்னால் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. அவள் பேசத் தொடங்கியதும் நின்றது.

"வயித்துப்போக்கு நிக்காம வந்தீங்க, ஞாபகம் இருக்கா? ரெண்டு வருஷம் ஆகுது" என்றாள்.

"மறக்குமா? இல்லைன்னு வந்துச்சு. அப்புறம் ஒவ்வொரு டாக்டரா பார்த்தேன். எல்லா டெஸ்ட்டும் நல்லாயிருக்கு, உங்களுக்கு மனசுதான் சரியில்லன்னுட்டாங்க. மனசுக்கு மாத்திரை குடுத்தாங்க. தின்னுக்கிட்டிருக்கேன்."

"ஐயா, அந்த டெஸ்ட்டை உங்களுக்கு நாங்க சரியாப் பார்க்கல. திரும்பப் பார்க்கணும்."

பிறகு அவர் சிரித்தார். சந்தோஷமான சிரிப்பென்று சொல்ல முடியாது. நெடுநேரம் நின்றுகொண்டே இருந்த ஒருவர் உட்கார இடம் கிடைத்ததும் விடும் மூச்சுபோல் இருந்தது.

"அப்ப நான் பொய் சொல்லலைங்கிறீங்க."

"இல்லீங்க."

"இதை என் சம்சாரத்துகிட்ட ஒருதடவை சொல்றீங்களா? இருங்க, கூப்பிடுறேன்."

அவர் மனைவியிடமும் சொன்னாள். தொலைபேசியை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டாள். ஊசிக்காரி வெளியே டீ வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

இரண்டு குழந்தைகளுக்கும் ஏ வகை இல்லை என்பது உண்மை, ஆனால் நோய் இல்லை. தையல்காரருக்கு இருந்தது. சீஃப் ஒரு புது விதியை எழுதிச் சுவரில் ஒட்டினார்: எண் இவ்வளவுக்குக் கீழே வந்தால், யாரும் கேட்காவிட்டாலும் ஏ வகையை அளந்த பிறகே ரிப்போர்ட் போகும். கீழே தன் கையெழுத்தைப் போட்டார். அவளுடைய பெயரை எங்கும் எழுதவில்லை. வீடு மாறிப்போன குடும்பத்தை அவள் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறாள்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் ஓடிவிட்டது. அவளுடைய எண் இருநூறிலிருந்து தொண்ணூறுக்கு இறங்கியிருக்கிறது. அசதி போய்விட்டதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போகவில்லை. சில நாள் காலையில் எழும்போது மட்டும், அது பக்கத்தில் எங்கேயோ கொஞ்ச நேரம் வெளியே போயிருப்பதுபோல் இருக்கும். சிட்டு மூன்று சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறாள். வரிசையில் இப்போது இரண்டாவது. முதலாவதாக நிற்கும் பெண்ணிடம் ரொம்பத் திமிராக நடந்துகொள்வதாக ஆசிரியை புகார் சொன்னார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சிட்டு தோழியின் வீட்டிலிருந்து வந்தாள். வந்தவள் சமையலறை வாசலில் நின்றுகொண்டே இருந்தாள். அம்மா உருளைக்கிழங்கு தோலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா."

"சொல்லு."

"அங்க எல்லாரும் பிஸ்கட் தின்னாங்க. நானும் ரெண்டு தின்னுட்டேன்."

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். எத்தனை முறை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து, குடல், கம்பளம், எலும்பு, வளர்த்தி.

"வயித்த வலிக்கவே இல்லம்மா. ஒண்ணுமே ஆகல."

"வலிக்காது. உனக்கு வலிக்காமலேதான் கெடும்."

"தெரியும்." சிட்டு கால் விரலால் தரையைக் கீறினாள். "திட்டலையா?"

"நாளைக்குத் திட்டுறேன். இன்னைக்கு முடியல."

சிட்டு அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து கத்தியை எடுத்துக்கொண்டாள்.

"நீ போய் உட்காரு. நான் உரிக்கிறேன். எத்தனை கிழங்கு?"

"ஆறு. கையைப் பார்த்து."

"அப்பாவுக்குச் சேர்த்தா?"

"அப்பாவுக்குச் சேர்த்துதான்."

அம்மா முன்னறைக்குப் போய் நாற்காலியில் சாய்ந்தாள். சமையலறையில் சிட்டு தோலை ரொம்பத் தடிமனாகச் சீவுவது சத்தத்திலேயே தெரிந்தது. பாதிக் கிழங்கு தோலோடு போகப்போகிறது. எழுந்து போய்ச் சொல்லலாம் என்று நினைத்தாள். வாசலில் கணவனுடைய செருப்புச் சத்தம் கேட்டது. சொல்லவில்லை, அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள்.